ஒரே வரிசையில்

எங்கள் பக்கத்தில் ‘மிலிட்டரிக்காரர் வீடு எது?’ என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். பேர் சொல்லத் தேவையில்லை. பனியிலும் பாலைவனத்திலும் இளமையைக் கழித்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பி, ஏரிப் பாசனத்தில் நெல் நட்டு, எழுபது எண்பது வயதில் அவர் கண்ணை மூடுகிறார். ஏரிக்கரைச் சுடுகாட்டில் தகனம். ஆற்றில் தண்ணீர் ஓடினால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் சாம்பலைக் கரைப்பார்கள். காரியம் முடிந்த பிறகு, அவர் பெயரை எழுதி வைத்த ஓர் இடம்கூட ஊரில் மிஞ்சுவதில்லை.

போரில் விழுந்தவர்களுக்கு இடம் உண்டு. 2019 பிப்ரவரியில் தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உயிரோடு திரும்பி வந்ததாலேயே ஒருவர் மறக்கப்படலாமா? உத்திரமேரூர்ப் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் சிலர், தங்களுக்கென ஒரு மயானம் வேண்டும் என்று பேச ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவர்களோடு நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போனேன். பராமரிக்க ஆளில்லாமல் தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த கல்லறைகளைத் திரட்டி, 1952-இல் அமைத்த இடம் அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தவர்கள் 850-க்கும் அதிகம் பேர் அங்கே கிடக்கிறார்கள். பெயர், எண், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. பல கற்களில் இருபத்தொன்று, இருபத்துமூன்று என்றே வயது. கூட வந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டு, “ஆபீசருக்கும் ஜவானுக்கும் ஒரே கல்லுதான் சார்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் பயணம் போதும் என்று தோன்றியது. பதவி, இனம், மதம் எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பது அந்தக் கல்லறையைப் பராமரிக்கும் ஆணையம் முதல் உலகப் போருக்குப் பின் வகுத்துக்கொண்ட விதி. அதை அவர்களே முழுக்கக் காப்பாற்றவில்லை. ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்த பல்லாயிரம் வீரர்களுக்குச் சமமான நினைவுச் சின்னம் தரப்படவில்லை என்று 2021-இல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. விதியை எழுதி வைத்திருந்ததால்தான், நூறு ஆண்டு கழித்தும் அதைக் காட்டிக் கணக்குக் கேட்க முடிந்தது.

நம்மில் பலர் எரிப்பவர்கள், நமக்கு எதற்குக் கல்லறை என்று கேட்கிறார்கள். கோஹிமா போர்க் கல்லறையில் தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனியாக நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை நடுகல் வழக்கத்தைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. செங்கம் பக்கத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. கல் நிற்க உடல் வேண்டியதில்லை.

ஆகவே தடை அதுவல்ல. நம் கிராமங்களில் ஊர்ச் சுடுகாடு வேறு, காலனிச் சுடுகாடு வேறு. காலனிப் பிணம் எந்தப் பாதையில் போகலாம் என்பதற்கே சண்டை நடந்த ஊர்கள் உண்டு. ஒரே பாரக்கில் படுத்து, ஒரே லங்கரில் சாப்பிட்டு, ஒருவர் காயத்துக்கு இன்னொருவர் கட்டுப் போட்டவர்கள், ஊர் திரும்பிச் செத்த பிறகு இரண்டு திசையில் தூக்கிச் செல்லப்படுகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பட்டாளம் அவர்களுக்குக் கொடுத்த ஒரு நல்ல பழக்கத்தை, ஊர் கடைசி நாளில் பிடுங்கிக்கொள்கிறது. எனக்கு இந்த மயானத்தில் அக்கறை வந்ததே இதனால்தான். எல்லாத் தெருக்காரரும் ஒரே வரிசையில், வந்த முறைப்படி, ஒரே அளவுக் கல்லோடு இருக்கும் இடம் என்றால் அதற்காக அலையலாம். அதிலும் தெருவாரியாக மூலை பிரிப்பார்கள் என்றால், அதற்காகக் கேட்கும் புறம்போக்கில் மாடு மேயட்டும்.

பராமரிப்பு இன்னொரு கவலை. திறப்பு விழாவுக்கு ஆள் வருவார்கள். ஐந்தாம் வருஷம் வேலிக்காத்தான் முளைத்திருக்கும். இதற்கு உத்திரமேரூரிலேயே பாடம் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், ஆண்டுதோறும் புதிதாக. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் மறுபடி இடமில்லை. அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே ஓலை எழுதினார்கள். ஏரியில் மண் சுமந்தவர் பெயர் குடத்துக்குள் விழவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்குக் கேட்கும் அந்தக் கண்டிப்பை மட்டும். குடத்தில் இந்த முறை எல்லாத் தெருப் பெயரும் விழ வேண்டும்.

தாசில்தாருக்கு நிலம் கேட்டு மனு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை சென்ட், சுற்றுச்சுவர், போர்வெல் என்று ஒரு பட்டியல் தந்தார்கள். அவற்றையெல்லாம் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, சாதி பார்க்காமல் ஒரே வரிசை என்ற நிபந்தனையை முதல் பத்தியாக எழுதியிருக்கிறேன். அதன் கீழே ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சுபேதார் போட்டுவிட்டார். இருவர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.