கழற்றிப் பூட்டிய பிறகும் அதே வண்டியா?

கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் சில கிலோமீட்டரில் பாகூர். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கே ஒரு வித்யாஸ்தானம் நடந்தது. அதற்கு மூன்று ஊர்களைத் தானமாக விட்ட செய்தி பாகூர்ச் செப்பேட்டில் இருக்கிறது. மரபு எண்ணும் பதினான்கு வித்தைகளில் நியாயமும் ஒன்று. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத் தெரியாததை எப்படி முடிவுகட்டுவது, அந்த முடிவு எங்கே சறுக்கும் என்று சொல்லித்தரும் சாத்திரம் அது. ஏட்டைத் தொடாமலே அந்தப் பாடத்தை இன்று நடத்திக்கொண்டிருப்பவர்களில் பழைய கார் மெக்கானிக்குகளையும் சேர்க்க வேண்டும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளலாம். வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் 1961 முதல் இங்கே தயாரித்த கார். அதன் 948 சி.சி. என்ஜினும், 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் 1147 சி.சி. என்ஜினும் ஒரே வமிசம். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. மூன்றே மூன்று மெயின் பேரிங்கில் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் இந்த என்ஜின்களுக்கு வயதானால் ஆயில் பிரஷர் புகார் வராமல் இருக்காது. காலையில் கிளப்பும்போது ஒரு குறையும் தெரியாது. நன்றாகச் சூடேறி சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். "என்ஜினை இறக்கிடலாம் சார்" என்று உடனே சொல்லிவிடும் பட்டறைகள் நிறைய.

அங்கேதான் தர்க்கம் வேண்டும். மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் பாடம் கேட்கும் மணிமேகலைக்கு அனுமானத்தின் வகைகள் சொல்லப்படுகின்றன. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மலைத்தலையில் மழை பெய்தது என்று கொள்வது 'எச்சம்', அதாவது விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது. மெக்கானிக் செய்வதும் அதுவே. 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அதே வழியில் உள்ள பள்ளங்களைக் காட்டுகிறார். ஏது, அதாவது முடிவுக்குக் காட்டும் சான்று, அதுவே நிறுவப்படாமல் இருந்தால் 'அசித்தம்'. ஏது ஒரு முடிவோடு மட்டும் நில்லாமல் வேறு முடிவுகளுக்கும் இடம் கொடுத்தால் 'அநைகாந்திகம்'.

சிவப்பு விளக்கு முதலில் அசித்தம். பிரஷர் குறைந்ததென்று அது சொல்கிறது, சொல்வது மெய்யா? பிளாக்கில் திருகியிருக்கும் பிரஷர் ஸ்விட்ச் கெட்டிருந்தாலும், அதன் ஒயர் எங்காவது பாடியில் உரசினாலும் விளக்கு எரியும். ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, என்ஜினைச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பவுண்டு என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு.

கேஜும் குறைவாகவே காட்டினால் அசித்தம் தீர்ந்தது, அநைகாந்திகம் தீரவில்லை. ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே உள்ள மிக மெல்லிய இடைவெளி வழிமறிப்பதால் பிரஷர் எழுகிறது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு, மெக்கானிக் மொழியில் ஒன்றிரண்டு தவ், அந்த இடைவெளி. அது இருமடங்கானால் வழியே கசியும் ஆயில் எட்டு மடங்கு. இடைவெளியின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்துக் கசிவு ஏறுவதால் இந்தக் கணக்கு. தேய்மானம் கொஞ்சம், வீழ்ச்சி பெரிது.

ஆனால் பிரஷர் குறையப் பேரிங் தேய்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை அடிக்கலாம். ஃபியூயல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் கீழே ஆயில் சேம்பருக்குள் இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்திருக்கும். ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இந்த என்ஜினில் அதை வெளியிலிருந்தே கழற்றலாம். ஃபில்டர், ஆயிலின் தரம், பம்ப்பின் தேய்மானம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, மிஞ்சுவது பேரிங் என்றால் மட்டும் சேம்பரை இறக்க வேண்டும். இந்த இடத்தில் இன்னொரு பொய் முடிவும் உண்டு: சைலன்சரில் நீலப்புகை, ஆகவே ரீபோர் செய்து புதுப் பிஸ்டன் போட்டால் பிரஷர் ஏறும் என்பது. ஏறாது. புகைக்கு ரிங்கும் வால்வு கைடும் காரணம்; பிரஷருக்குக் காரணம் கீழே கிராங்க்கில் இருக்கிறது.

இவ்வளவு நிதானம் எதற்கு? தவறான அனுமானம் ஒவ்வொன்றும் பழைய பொருளில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. கிராங்க்கை லேத் பட்டறைக்கு அனுப்பினால் பத்து தவ் அரைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவார்கள். அடுத்த முறை இருபது, பிறகு முப்பது. அதற்கு மேல் பேரிங் கிடைப்பது அரிது. அரைத்த இரும்பு திரும்ப வராது. மணல்வீச்சில் கல்வெட்டு எழுத்தை மழுங்கடித்த கோயில் திருப்பணிகளைத் தமிழ்நாடு கண்டதுதான். அழுக்கை எடுக்கப் போய் ஆவணம் போயிற்று.

சரி, நியாயமான காரணத்தோடே எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. அது அதே என்ஜினா?

நியாய வைசேஷிகர்களின் பதில் கறாரானது. துணியிலிருந்து சில நூல்களை உருவினால் பழைய துணி அழிந்தது. எஞ்சிய நூல்களில் வேறொரு துணி தோன்றியது. அந்தக் கணக்கில் ஒரு செட் ரிங் மாற்றினாலே புது என்ஜின். ஆர்.டி.ஓ. அலுவலகம் இதை ஏற்றால் தாங்காது! பௌத்தர் மறுகோடி. மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரைக் காட்டி, அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேரல்ல, அவற்றுக்கு அப்பாலும் தேர் இல்லை, தேர் என்பது வழக்கில் உள்ள பெயர் என்றார்.

கோயில் மரபு இந்தச் சண்டையில் இறங்காமல் காரியத்தால் பதில் சொல்கிறது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்து, மூலவரின் சாந்நித்தியத்தைக் கலசத்திலோ அத்திப் பலகையிலோ ஆவாகனம் செய்கிறார்கள். கருவறையில் வேலை நடக்கும்போதும் பூசை நிற்பதில்லை. குடமுழுக்கில் அது மீண்டும் மூலவரிடம் சேர்கிறது. கல் மாறலாம், சுதை மாறலாம். தொடர்ச்சி அறுபடக் கூடாது.

லண்டன் உயர் நீதிமன்றம் 1990இல் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தை வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், பழைய பாகங்கள் பெரும்பாலும் அதில் இல்லையென்று பின்வாங்கினார்கள். 1932இல் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் கிளைவ் டன்ஃபி உயிரிழந்த விபத்துக்குப் பிறகும் மீண்டும் கட்டப்பட்ட கார் அது. நீதிபதி ஆட்டன் பாகங்களை எண்ணிப் பார்த்து முடிவு சொல்லவில்லை. அது முழுவதுமாக மறைந்து இன்னொன்று வந்து நின்ற கட்டம் என்று எதுவும் இல்லை, வரலாறு தொடர்ந்து ஓடுகிறது, ஆகவே அந்தப் பெயர் அதற்கே உரியது என்றார்.

இந்திய விதி வேறு பக்கம் சாய்கிறது. 2021இல் வந்த திருத்தப்படி 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு கிடைக்கும். புதுச்சேரி வண்டியானால் எண் பி.ஒய்.வி.ஏ. என்று தொடங்கும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், உடற்கூடு, என்ஜின் இவற்றில் மாற்றம் உட்படப் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது. ஹெரால்டில் டீசல் என்ஜினைத் திணிப்பதை இது தடுக்கிறது, நல்லது. ஆனால் 50 ஆண்டு ஓடிய கிராங்க் அரைக்கப்படாமல் இருக்க வேண்டுமென்றால் அது ஓடாமல் கிடந்த கிராங்க்காகத்தான் இருக்கும். ஓடிய வண்டியைவிட ஷெட்டில் கிடந்த வண்டி அசல் என்று சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை. தேவைக்கு மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதிவைத்தால் அது அதே வண்டிதான்.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்கள் என்ஜின் வேலை முடிந்ததும் கழற்றிய பேரிங்குகளைப் பட்டறையிலேயே விட்டுவிட வேண்டாம். அவற்றின் முதுகில் அளவு பொறித்திருக்கும். கிராங்க் அதுவரை எவ்வளவு அரைக்கப்பட்டிருந்தது என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். பில்லோடும் ஆர்.சி. புத்தகத்தோடும் அவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.