கற்றலும் மானமும்



வயது முதிர்ந்தவர் ஒருவர் விளையாட்டொன்றைப் புதிதாய்க் கற்கச் சென்று, தம் பேரர் வயதினரோடு வரிசையில் நிற்பது மானக்கேடாகுமா? மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்ந்தவர்க்கும் இவ்வினா எழக்கூடும். ஓடப் பழகவோ, மற்பயிற்சி செய்யும் கரடிமனையில் சேரவோ மனம் விரும்பினாலும், "பிள்ளைகள் நகைப்பார்களே" என்று கால் பின்வாங்குகிறது.

பஞ்சாபில் உழவராயிருந்து இங்கிலாந்தில் குடியேறிய பௌஜா சிங், கடவுச்சீட்டின்படி 1911இல் பிறந்தவர். 2000ஆம் ஆண்டில், 89ஆம் வயதில், லண்டன் மாரத்தானில் 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ஓடி முடித்தார். பயிற்சியின் முதல் நாளில் அவர் கோட்டு சூட்டு அணிந்து வந்தார் என்பர். அவருடைய பயிற்சியாளர் ஹர்மந்தர் சிங் அவரினும் மிக இளையவர். உடை முதற்கொண்டு அவர் திருத்தியதையெல்லாம் முதியவர் ஏற்றுக்கொண்டார். 2011இல் டொரொன்டோவிலும் அத்தூரம் ஓடினார், 2025இல் மறைந்தார்.

நம்மவர்க்கோ இந்தக் கூச்சம் இருமடங்கு. பிறப்பின் பேரால் தலைமுறை தலைமுறையாய்க் குனிய வைக்கப்பட்டோம். நிமிர்ந்த பின்னர் ஓர் இளைஞன், "தவறு, மீண்டும் செய்யுங்கள்" என்றால் பழம்புண் நோகத்தான் செய்யும். ஆயினும் இரண்டு குனிதலும் ஒன்றல்ல. சாக்கிய இளவரசர் துறவேற்க வந்தபோது, தங்கள் நாவிதராகிய உபாலிக்கே முதலில் துறவளிக்குமாறு பகவான் புத்தரை வேண்டினர். சங்கத்தில் மூப்பு குலத்தாலுமன்று, வயதாலுமன்று. துறவேற்ற காலத்தால் வருவது. ஆதலின் இளவரசர் நாவிதரை வணங்கினர். முதுமையில் துறவேற்ற ராத தேரரும், சாரிபுத்தர் திருத்தியபோதெல்லாம் முகங்கோணாது ஏற்றமையாற் புகழப்பட்டார். சாதியின் வணக்கம் மனிதனை என்றும் கீழே நிறுத்தும். கற்போனின் வணக்கம் அவனை மேலேற்றும்.

தமிழில் மானம் என்பது பெருமை. பாலி மொழியில் அச்சொல் பிறரோடு தன்னை ஒப்பிடும் செருக்கைக் குறிக்கும். நான் உயர்ந்தவன், நான் சமமானவன், நான் தாழ்ந்தவன் என்னும் மூன்று எண்ணங்களும் அதன் வடிவங்களே. ஆகவே இளைஞர்முன் கூசி ஒதுங்குவது பணிவன்று, செருக்கின் மறுமுகமே. தமிழ் மானத்தைக் காப்போம்; பாலி மானத்தை விடுவோம்.

முதிய உடலுக்கு எல்லையுண்டு. மூச்சும் மூட்டும் சொல்வதைக் கேட்டே பழகவேண்டும். அது அறிவு, கூச்சம் வேறு. 1956 அக்டோபர் 14இல், 65ஆம் வயதில், பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் திரிசரணம் ஓதிப் புதிய மாணாக்கராய் நின்றார். அவர் வழிவந்த நமக்குக் கடைசி வரிசையில் நிற்க நாணமென்ன?