ரிசல்ட் வருமுன்னே வந்த வெற்றி



பரீட்சை மாதம் வந்தால் பிள்ளைகள் ஹால்டிக்கெட்டையும் பேனாவையும் கையில் பிடித்துக்கொண்டு சபையின் முன்னால் வந்து நிற்பார்கள். ஊழியக்காரர் கை வைத்து ஜெபிப்பார். நல்ல காரியம்தான். ஆனால் ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது? அதிக மார்க் வாங்கின பிள்ளை சாட்சி சொல்கிறது. சபையே கை தட்டி, அல்லேலூயா சொல்கிறது. அதே ஜெபத்தைப் பெற்றுக்கொண்ட இன்னொரு பிள்ளையோ கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறது. சில வேளை சபைக்கே வருவதில்லை.

அந்தப் பிள்ளையின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்கவில்லையா? அல்லது நாம்தான் வெற்றி என்ற வார்த்தைக்குத் தப்பான அர்த்தம் வைத்திருக்கிறோமா?

தானியேலைப் பாருங்கள். அவனும் ஒரு மாணவன்தான். அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட பாபிலோனிலே, அந்நிய பாஷையிலே, மூன்று வருஷப் படிப்பு. முடிவில் ராஜா விசாரித்தபோது, மற்ற எல்லாரிலும் பத்து மடங்கு சமர்த்தர் என்று பெயர் வாங்கினார்கள் அவனும் அவன் நண்பர்களும். இது தானியேல் 1:20. ஆனால் தன்னைத் தீட்டுப்படுத்தாதபடி அவன் இருதயத்தில் தீர்மானம் பண்ணினது 8-ம் வசனத்திலேயே. பிரியமானவர்களே, தானியேல் 8-ம் வசனத்திலேயே ஜெயித்துவிட்டான். 20-ம் வசனத்தில் வந்தது ரிசல்ட் மட்டுமே!

"ரிசல்ட் நல்லா வந்ததாலதானே இப்படிச் சொல்றீங்க?" என்று ஒரு தம்பி கேட்கலாம். அந்த நண்பர்கள் மூவரும் பிற்பாடு அக்கினிச்சூளைக்கு முன் நின்றபோது, எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், அப்படி அவர் செய்யாவிட்டாலும் நாங்கள் பொற்சிலையை வணங்கமாட்டோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்களே (3:17,18)! வெளியே வருவோமா, வெந்துபோவோமா என்று தெரியாமலேயே அவர்கள் ஜெயங்கொண்டவர்களாய் நின்றார்கள்.

அப்படியானால் கனவு காணக்கூடாதா? தாராளமாய்க் காணுங்கள். ஆனால் அந்தக் கனவு எங்கே பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். "பக்கத்து வீட்டுப் பையன் டாக்டருக்குப் படிக்கிறான், நீயும் படி" என்று பிறந்தது ஆசை. பிறருடைய கண்ணீரைக் கண்டு பிறந்தது பாரம். ஆசை நீட் பரீட்சையோடு முடிந்துவிடும். பாரம் முடியாது.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு மிஷனெரியாக விருப்பமே இல்லை. அமெரிக்காவில் வசதியாக வாழவே அவர் ஆசைப்பட்டார். சுகவீனமான தாயாரைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றக் கேட்டார்கள். அவருடைய தகப்பனார் டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துவிட்டார்கள். அந்த இரவு அவருடைய ஆசையைப் பாரமாக மாற்றிற்று. அமெரிக்கா சென்று படித்து, 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஆரம்பித்தார். அதுவே இன்றைய சி.எம்.சி.

எல்லாரும் வேலூர் ஆஸ்பத்திரி கட்டவேண்டுமா? இல்லை. மத்தேயு 25-ல் ஒருவனுக்கு ஐந்து தாலந்து, ஒருவனுக்கு இரண்டு. ஐந்துக்காரன் பத்தாக்கினான், இரண்டுக்காரன் நாலாக்கினான். 21-ம் வசனத்தையும் 23-ம் வசனத்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எஜமான் இருவருக்கும் ஒரே பாராட்டைத்தான் சொன்னார்! "அவன் பத்து கொண்டுவந்தானே, நீ ஏன் நாலு?" என்று கேட்கவில்லை. நாம்தான் வீட்டில் கேட்கிறோம்.

ஆனாலும் சோம்பேறிகளே, சந்தோஷப்படாதேயுங்கள்! அதே அதிகாரத்தில் தாலந்தைப் புதைத்தவன் தண்டனை பெற்றான். ராத்திரியெல்லாம் செல்போனைப் பார்த்துவிட்டு, காலையில் "ஆண்டவரே, பாஸ் பண்ண வையும்" என்று ஜெபிப்பது விசுவாசம் ஆகாது. கொடுக்கப்பட்டதை வைராக்கியமாய்ப் பெருக்குவதே உண்மை. உண்மையாயிருப்பதே வெற்றி.

பெற்றோரே, ஒரு வார்த்தை. மார்க் குறைந்ததற்காக உயிரையே விட்ட பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் வாசிக்கிறோம். நெஞ்சு பதைக்கிறது. ரிசல்ட் நாளில் உங்கள் பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். அந்த முகத்தில் இரக்கம் தெரியட்டும். சபையாரே, இந்த வருஷம் சாட்சி நேரத்தில், தோற்றும் விசுவாசத்தை விடாத பிள்ளைக்கும் மைக்கைக் கொடுப்போமா? அந்தச் சாட்சிக்கும் அல்லேலூயா சொல்லுவோமா?

தம்பி, தங்கச்சி, இன்று இரவு புத்தகத்தைத் திறக்கும் முன் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, யாருடைய கண்ணீரைத் துடைக்க என்னைப் படிக்க வைக்கிறீர்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். பிறகு எழுந்து உட்கார்ந்து நன்றாய்ப் படியுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்!