புள்ளியில்லாத ஏடு

கொச்சியின் பள்ளுருத்தியில் ஒரு சத்சங்கம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். ‘சுவாமிஜி, ஓராண்டில் பைபிள் முழுவதையும் படித்துவிட்டேன். ஆனால் மனத்தில் எதுவும் நிற்கவில்லையே!’ என்று வருந்தினார். சமய நூல்களைப் பயிலும் நம்மில் பலருக்கும் உள்ள குறைதான் இது.

பள்ளுருத்திக்கு அருகே மட்டாஞ்சேரியில், 1568-இல் கட்டப்பட்ட யூதர்களின் ஜெபாலயம் உள்ளது. பைபிளின் முதல் ஐந்து நூல்களாகிய தோராவின் சுருள்கள் அங்கே போற்றிக் காக்கப்பட்டு வந்துள்ளன. வழிபாட்டிற்குரிய தோரா சுருளில் உயிரொலிக் குறிகளும் நிறுத்தக் குறிகளும் இருப்பதில்லை. ஆகவே சபையில் வாசிப்பவர் தமக்குரிய பகுதியை முன்னரே நன்கு பயின்று வர வேண்டும். நமது ஓலைச்சுவடிகளும் பெரும்பாலும் புள்ளியில்லாதவையே. பொருளுணர்ந்தவரே அவற்றைப் பிழையின்றிப் படிக்க இயலும். இன்றைய அச்சு நூலில் எல்லாக் குறிகளும் உள்ளன. கண் ஓடுகிறது, மனம் நிற்பதில்லை.

கேட்டல், சிந்தித்தல், ஆழ்ந்து தியானித்தல் என்னும் மூன்று படிகளை யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உபதேசித்தார். பைபிளையும் அவ்வாறே பயிலலாம். லூக்கா சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கள்வரால் அடிபட்டு வழியில் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிச் சென்றனர். சமாரியன் ஒருவன் காயங்களைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவையும் ஏற்றான்.

இதனை யார் கேட்க, எதற்காக இயேசு கூறினார்? சமாரியரை யூதர்கள் வெறுத்து ஒதுக்கிய காலம் அது. இதை அறிவது சிரவணம். ‘எனக்குப் பிறன் யார்?’ என்றுதான் வேதம் கற்ற ஒருவர் கேட்டார். இயேசுவோ கதையை முடித்து, அடிபட்டவனுக்குப் பிறனாக நடந்துகொண்டவன் யார் என்று திருப்பிக் கேட்டார். கேள்வியே மாறிவிட்டது! அன்பிற்கு எல்லை தேடியவர், தாம் அன்பு செய்கிறோமா என்று தம்மையே நோக்க வேண்டியவரானார். இந்த மாற்றத்தைக் கண்டுகொள்வது மனனம். ‘அந்த வழியில் நான் யார்?’ என்ற வினாவோடு மௌனத்தில் அமர்வது நிதித்யாசனம்.

‘ஒரு மாதம் இந்த ஓர் அதிகாரத்தை மட்டும் படியுங்கள்’ என்று அந்த இளைஞரிடம் கூறினேன். விரைந்து படிப்பவரும் அந்தக் கதையை அறிவார். ஆனால் நாளை நம் தெருவில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது நமது கால்கள் நிற்குமா, விலகுமா? நாம் எவ்வாறு படித்தோம் என்பதை அந்தக் கணம் சொல்லிவிடும்.