அச்சிறுபாக்கமும் மின்வண்டியும்



பொத்தேரியிற் பயிலும் மாணாக்கனொருவன், புதிதாக வாங்கிய மின் மோட்டார் சைக்கிளிலேறித் திருவெண்ணெய்நல்லூரிலுள்ள தன் இல்லஞ் செல்லக் கருதுகின்றானென்று கொள்வோம். வழி ஏறக்குறைய 150 கி.மீ. செங்கற்பட்டும் மதுராந்தகமுங் கடந்தால் அச்சிறுபாக்கம் எதிர்ப்படும். முப்புரமெரிக்கப் புறப்பட்ட பெருமான் விநாயகரை வழிபடாது சென்றமையால் தேரச்சு இற்ற தலம் அதுவென்பது புராணம். தன் தேருக்கும் முன்னேற்பாடு வேண்டுமென இறைவன் காட்டியருளியது நம்பொருட்டேயாம்.

வண்டிச் சான்றிற் கண்ட தூரம் சோதனை முறையில் அளந்தது. நெடுஞ்சாலையில் விரைந்து செல்வார்க்கு அது கிட்டாது. மணிக்கு 60 கி.மீ. வேகம் 90 ஆயின் காற்றின் தடை 2¼ மடங்காகும். ஆகலின் மிதவேகமே கொள்க. மின்னேற்றும் இடங்களை முன்னரே தெரிந்துகொள்க. எல்லா மின்னேற்றிகளும் எல்லா வண்டிக்கும் பொருந்தா. தன் வண்டிக்கு இயைந்ததையே தேர்க. ஐந்திலொரு பங்கு எஞ்சியிருக்கும்போதே நிறுத்தி ஏற்றுக.

இனி இதன் உட்பொருள் காண்பாம். மின்கலம் தானே மின்சாரத்தை ஆக்கிக்கொள்ளாது; பிறிதொன்றைச் சார்ந்தே பெறும். பெறுந் தகுதி அதற்குண்டு; கல்லுக்கு அதுவுமில்லை. 13ஆம் நூற்றாண்டில் அத்திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்ட தேவர் உயிருக்கு உணர்த்திய இயல்பும் இதனோடு ஒக்கும். உயிர், அறிவித்தால் அறிவது; சார்ந்ததன் தன்மையாய் நிற்பது.

எனினும் உவமை முற்றுஞ் செல்லாது. மின்கலம் சடம், உயிர் சித்து. மின்கலம் ஏற்றிய இடத்தைப் பிரிந்தே ஓடும். உயிரோ முதல்வனை ஒருகாலும் பிரிந்ததில்லை; பிரிந்து தானே ஓடுவதாகக் கருதுவது ஆணவத்தின் மறைப்பு. புதுவண்டியின் செருக்கும் அதன் சிறு கிளையே.

விநாயகரை வணங்கிப் புறப்படுக, திருவருள் வழித்துணையாம்.