முதுமையும் உடையும்

“இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த அலங்காரம்?” தீபாவளிக்கு முன்பொருநாள், சிராங்கூன் சாலைத் துணிக்கடையொன்றில் மயில்கழுத்து நிறச் சேலையைக் கையிலெடுத்த மூதாட்டியைக் கண்டு, உடன் வந்தோரே இவ்வாறு முணுமுணுத்தனர். அவர் அதனை வைத்துவிட்டுச் சாம்பல் நிறச் சேலையொன்றை வாங்கிச் சென்றார். அவர் இழந்தது ஒரு சேலையை மட்டுந்தானா?

நன்கு உடுத்தும் விருப்பம் இளமைக்கே உரியதென எண்ணுகிறோம். கல்வியழகே அழகு என்னும் நாலடியாரையும் துணைக்கழைக்கிறோம். அந்நூல் புற அழகினும் கல்வியழகை உயர்த்திற்றேயன்றி, முதியோர் விருப்பத்தைப் பறிக்கும் உரிமையை எவர்க்கும் வழங்கவில்லை.

எளிமைதானே முதுமைக்கு அழகு எனலாம். 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடை ஏற்ற காந்தியடிகள், 1931இல் தம் 62ஆம் வயதில், அதே அரையாடையும் போர்வையுமாக இலண்டன் அரண்மனையில் மன்னரைச் சந்தித்தார். பிறர் நகைப்பரே என்று அவர் கூசவில்லை. அவ்வெளிமையை அவரே தேர்ந்தார். ஆதலின் அது பெருமையாயிற்று. பிறர் சுமத்தும் எளிமையோ தண்டனையாகும். கணவரை இழந்த பெண்கள்மீது நம் சமுதாயம் சுமத்திய வெள்ளைச் சேலையே இதற்குச் சான்று.

தூய்மை, உடலுக்கு இசைவு, இடத்திற்குப் பொருத்தம் ஆகிய மூன்றும் அமைந்தால் எந்த வயதிலும் உடை அழகே. நிறத்தை உடுத்துபவரே தேர்ந்து கொள்ளட்டும்.

மாணவர்களே, அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது, “பாட்டி, உங்களுக்குப் பிடித்த நிறம் எது?” என்று கேளுங்கள். அவர் தயங்கினாலும் விடைக்காகக் காத்திருங்கள்.