தகராறு என்னும் சொல்



நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கும் சொற்களுள் ஒன்று 'தகராறு'. இதனைத் தமிழ்ச் சொல்லென்றே பலரும் கருதுவர். அன்று, 'தக்ரார்' என்னும் அரபுச் சொல் உருது வழியாக நம்மிடம் வந்து தகராறு ஆயிற்று. அரபு மொழியில் அதன் பொருள் சண்டையன்று. 'திரும்பத் திரும்பச் சொல்லுதல்' என்பதேயாகும். பூசல் என்னும் நம் பழஞ்சொல் போரையும் அதன் ஆரவாரத்தையும் குறித்துப் பின்னரே சில்லறைச் சண்டைக்கும் ஆகிவந்தது. தகராறோ பிறப்பிலேயே உண்மையைச் சொல்லிவிட்ட சொல். அண்ணன் தம்பியரின் வரப்புத் தகராற்றை உற்றுக் கேளுங்கள். முதல் நாள் சொன்ன நான்கு வாக்கியங்களே முப்பதாம் நாளும் ஒலிக்கும், குரல்தான் உயர்ந்திருக்கும்.

இந்தத் திரும்பச் சொல்லுதலில்தான் வினைக்கட்டு இறுகுகின்றது. நேமிசந்திர ஆசாரியர் கோம்மடசாரத்தில் சினத்தை நால்வகைக் கோடுகளுக்கு ஒப்பிடுகின்றார்: கல்லில் பிளந்தது, நிலத்தில் வெடித்தது, புழுதியில் கீறியது, நீரில் வரைந்தது. அந்நூலின் கர்ம காண்டம் கஷாயங்களின் வாசனை நிற்கும் காலத்தையும் கணக்கிடுகின்றது. ஒரு முகூர்த்தத்துள் அடங்குவது சஞ்சுவலனம். 15 நாள் நிற்பது பிரத்தியாக்கியானாவரணம். அது துறவறத்தைத் தடுக்கும். 6 திங்கள் நிற்பது அப்பிரத்தியாக்கியானாவரணம். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களையே தடுக்கும். அதற்கும் அப்பால் பிறவிதோறும் தொடர்வது அனந்தானுபந்தி. அது நற்காட்சியையே மறைக்கும். ஒரு முழ வரப்புக்காக நாம் எதனை ஈடு வைக்கின்றோம் என்பது இக்கணக்கில் தெரியும்.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் 'சதர்ம அவிசம்வாதம்' என்று ஒன்றைக் கூறுகின்றார். ஒரே அறத்தில் நிற்போரோடு பிணங்காமை என்பது பொருள். இதனை நாம் கொல்லாமையின் கீழோ வாய்மையின் கீழோதான் தேடுவோம். அவரோ கள்ளாமைக்குரிய ஐந்து பாவனைகளுள் இறுதியாக வைத்தார். 'இது எனது, அது உனது' என்று வழக்கிடாமையே அது என்று பூஜ்யபாதர் உரை விளக்குகின்றது. 'எனது' என்று சொல்லும் வாயிலேயே களவின் வித்து இருப்பதைக் கண்டனர் போலும்! துறவியரை நோக்கிய சொல்லாயினும் நமக்கும் அதில் பங்குண்டு. ஜினாலயத்தில் முதல் அபிஷேகம் எவர் வீட்டாருக்கு, மரியாதை எவருக்கு முன்னே என்று எழும் தகராறுகளில் (இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பர்) எனது, உனது அன்றி வேறென்ன இருக்கின்றது?

தசலட்சண பர்வம் முடிந்து வரும் க்ஷமாவணி நாளில் நாம் பொறுத்தருள வேண்டுகின்றோம். யாரிடம்? பெரும்பாலும் நம்மோடு பிணக்கே இல்லாதவரிடம். பிணங்கியவர் வாயிலை மட்டும் தலை குனிந்து கடந்துவிடுகின்றோம். சென்ற ஆண்டும் அவ்வாறே கடந்திருந்தால், அந்த 6 திங்கள் இருமுறை கழிந்துவிட்டது.